எட்டாவது துளை

ஏர்வாடி விலக்கு தாண்டி
நண்டுப் பெட்டிகளோடு நின்றுபோனது வண்டி.
பானெட்டைத் தூக்கினேன்.
எஞ்சினின் விலாவை உடைத்துக்கொண்டு
வெளியே எட்டிப் பார்த்தது ஒரு ராடு.
சாலையில் எண்ணெய். பெட்டிகளிலிருந்து ஐஸ் தண்ணீர்.
இரண்டும் ஒரே சரிவில்
ஒட்டாமல் இறங்கிக்கொண்டிருந்தன.

பதினெட்டு வருஷத்து வண்டி.
இந்த எஞ்சினை வார்த்த கம்பெனி
இரண்டு முறை பெயர் மாறி
இப்போது ஏ.சி. விற்கிறது.

சீனி இபுராகீம் பட்டறையில்
கியர்பாக்ஸின் வாயைத் துடைத்து
பிஸ்கட் அட்டை ஒன்றை அதன்மேல் விரித்து
சுத்தியலின் உருண்டைப் பக்கத்தால்
ஓரம் பார்த்துத் தட்டினார்.
நடுவில் பெரிய வட்டம். சுற்றி எட்டுத் துளை.
"குதிரைசக்தி, மைலேஜு எல்லாம் பெறகு.
எட்டுலயும் போல்ட்டு
வெரலால தள்ளுனாலே எறங்கணும்."

அட்டையை மடக்காமல் மடியில் வைத்து
பஸ் பஸ்ஸாக ஏறினேன்.
ராமநாதபுரத்தில் நான்கு எஞ்சின் பார்த்தேன்.
பரமக்குடியில் ஒன்று
கோழித்தீவனம் அரைத்துக்கொண்டிருந்தது,
நிறுத்தமாட்டேன் என்றார்கள்.
மதுரைக் குடோனில்
கூரை தொட அடுக்கிய இரும்புக்கு நடுவே
ஒன்றில் ஏழு போல்ட் இறங்கியது.
எட்டாவது அரை விரல் தள்ளி.
"வெல்டு வச்சு வேற ஓட்டை போட்டுக்கலாம்க்கா,"
என்றான் கடைப் பையன், கிரீஸ் கையால் தலை சொறிந்து.
இபுராகீமுக்குப் போன் போட்டேன்.
"ஏழு சேந்துச்சுன்னா
ஒண்ணும் சேரலன்னு அர்த்தம்."

தவணை தேதி வந்தது, போனது.
வாடகை ஆட்டோவில் நண்டு பாதி செத்துச் சேர்ந்தது.
செத்ததற்குக் கம்பெனியில் பாதி விலை.
அட்டையின் மூலைகள் தேய்ந்து
துளைகளின் ஓரம் கறுத்துவிட்டது.

குந்துகாலில் ரெமிஜியுஸ்
படகை உடைத்துப் பலகையாக விற்றுக்கொண்டிருந்தார்.
தார்ப்பாயை விலக்கினார்.
"வண்டி எஞ்சின்தான்.
ஊரணியில கவுந்து கெடந்த பிக்கப்புல எடுத்தது,
பதினோரு வருஷமா தண்ணிக்குள்ள ஓட்டுறேன்."
காற்று அட்டையைப் பிடுங்கியது.
ஒரு மூலையை அவர் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார்.
ஒன்று. இரண்டு. நான்கு. ஏழு.
எட்டாவதில் போல்ட் முட்டி நின்றது.
எனக்கு அழுகை வரவில்லை, பசித்தது.
அவர்தான் குனிந்து ஊதினார்,
பிறகு ஆணியால் சுரண்டினார்.
உப்பு. வெறும் உப்பு.
பொடியாக உதிர்ந்து முடிந்ததும்
விரலுக்கு முன்னால் போல்ட் போய்விட்டது.

முப்பத்தெட்டாயிரம். ஒரு ரூபாய் குறைக்கவில்லை.
ஏற்றிவிடும்போது மட்டும் சொன்னார்:
"பாலத்துல பாத்து ஓட்டுங்க.
இது மேடு கண்டதில்ல."

சம்ப் ஒத்துவரவில்லை, பழையதையே மாட்டினார் இபுராகீம்.
கடல் தண்ணீர் சுற்றிய குழலைக் கழற்றினால்
உள்ளே சிப்பிகள் குடியிருந்தன.
ஆர்.டி.ஓ. ஆபீஸில்
எதிலிருந்து எடுத்தது என்றார்கள்.
படகு என்றேன்.
கம்ப்யூட்டரில் படகுக்கு இடமில்லை.
கவிழ்ந்த வண்டியின் புக்கை
ரெமிஜியுஸ் பாலிதீன் கவரில் வைத்திருந்தார்,
எதற்கு வைத்திருந்தாரோ.

முதல் லோடு, தங்கச்சிமடத்துக்கு.
மண்டபம் வரை தரையெல்லாம் சமம்,
எஞ்சின் சொன்னதைக் கேட்டது.
பாம்பன் பாலம் தலை தூக்கியதும்
குரல் மாறியது,
யாரோ சட்டையைப் பின்னாலிருந்து பிடித்ததுபோல.
இரண்டாம் கியருக்கு இறங்கினேன்.
கைப்பிடிச் சுவருக்குக் கீழே
பச்சையும் நீலமுமாய் அது ஓடிய இடம்.
நான் பார்க்கவில்லை, டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்தேன்.
பெட்டிகளில் நண்டுகள் கீறிக்கொண்டிருந்தன,
உயிரோடு.
பின்னால் ராமேஸ்வரம் பஸ்காரன்
ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.